முசிறித் தொட்டியும் மாலுமியின் வாளியும்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலோ, சிதம்பரத்துக்குக் கிழக்கே முடசல் ஓடையிலோ கட்டி நிற்கும் விசைப்படகு ஒன்றில் ஏறி, அணியத்திலிருந்து அமரம் வரை நடந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருப்பது தெரியும். ஐஸுக்கு ஓர் அறை, வலைக்கு ஒரு மூலை, அடுப்புக்கு ஒரு மறைப்பு, டீசலுக்கும் குடிநீருக்கும் தனித்தனி டிரம். கழிப்பறைக்கு மட்டும் பெரும்பாலும் இடமில்லை. அமரத்து ஓரத்தில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி குந்துவதுதான் வழக்கம். அன்றே திரும்பும் படகில் அது ஒரு சங்கடம். ஏழெட்டுப் பேர் நாலைந்து நாள் தங்கிவரும் படகில், இரவில், வாடைக்காற்றில், வயிறு கெட்ட நேரத்தில் அது உயிராபத்து.

இந்தக் குறைக்கு இரண்டு மாதிரிகள் நம் முன் உள்ளன. ஒன்று, அமெரிக்கப் பாய்மரப் படகுகளில் இன்று சாதாரணமாகிவிட்ட உரக் கழிப்பறை. நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட் என்ற பெயர்களில் விற்பனையாவது. மற்றொன்று, திருச்சி மாவட்டத்து முசிறியில் ஸ்கோப் நிறுவனமும் அதன் நிறுவனர் மாராச்சி சுப்புராமனும் பரப்பிய எக்கோசான் கழிப்பறை. சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான். முன்னது படகுக்காகவே உருவானது. பின்னது படகை நினைத்தும் பார்க்காதது. அதனால் முன்னதை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த முடிவு ஆட்டம் காண்கிறது.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். நிலம் குழிக்கு இடம்கொடுக்காத இடங்களில்தான் எக்கோசான் வேரூன்றியது. 1990-களில் பால் கால்வர்ட் என்ற பொறியாளர் அதைக் கேரளத்தில் கொண்டுவந்தது திருவனந்தபுரத்தை ஒட்டிய புல்லுவிளை என்னும் மீனவர் குடியிருப்பில். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்துக் காமேஸ்வரத்தில் அது கட்டப்பட்டதற்கும் அதே காரணம்: மணலைக் கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரையிலான கடலூர்க் கரையிலும் நிலைமை வேறல்ல. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் மூழ்கியபோது குழிக் கழிப்பறைகளும் செப்டிக் தொட்டிகளும் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தரைக்கு மேலே தொட்டி எழுப்பி, படியேறிப் போய் உட்காரும் அமைப்பு அப்படிப்பட்ட மண்ணுக்கான விடை.

படகுக்காரருக்கு அந்த நெருக்கடி சட்டத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கரையோர நீரில் கழிவைச் சுத்திகரிக்காமல் திறந்துவிட முடியாது; சில பகுதிகளில் சுத்திகரித்தும் விடக்கூடாது. தொட்டியில் சேர்த்துவைத்து, கரையில் உறிஞ்சும் நிலையம் தேடி வரிசையில் நிற்க வேண்டும். சின்னப் படகில் அந்தத் தொட்டி இடத்தையும் அடைக்கும், நாற்றமும் அடிக்கும். சலித்துப்போன மாலுமிகள் சிலர் தண்ணீரே வேண்டாம் என்று முடிவெடுத்துச் செய்துகொண்டவைதான் இந்தப் பெட்டிகள். நேச்சர்ஸ் ஹெட்டைத் தொடங்கியவர்களே இரண்டு பாய்மரப் படகோட்டிகள். எக்கோசான்காரரைத் தண்ணீர் நின்ற மண் தடுத்தது, படகுக்காரரை அரசு தடுத்தது. கீழே விடும் வழி அடைபட்ட இருவரும் ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த யோசனை, மலத்தையும் சிறுநீரையும் சேரவிடாமல் பிரிப்பது. முசிறிப் பேசினின் முன்பக்கச் சரிவும், மாலுமியின் இருக்கைக்குள் முன்புறம் உள்ள சிறு துளைகளும் செய்வது ஒரே வேலையை. சேர்ந்தால்தான் நாற்றம்: மலத்திலுள்ள நுண்ணுயிர்களின் நொதி சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். பிரித்துவிட்டால் ஒருவரின் ஓராண்டு மலம் ஏறத்தாழ 50 கிலோதான். அதுவும் காய்ந்தால் சுருங்கிவிடும். சிறுநீரோ ஏறத்தாழ 500 லிட்டர், பயிருக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. முசிறித் தொட்டியின் முன்னோடி 1950-களில் வியட்நாம் கிராமங்களில் பரவிய இரட்டைத் தொட்டி. இரண்டு குலங்களும் வெவ்வேறு கண்டங்களில் வளர்ந்தவை. இந்த ஒரு விஷயத்தில் அசல் அண்ணன் தம்பிகள்.

பிரிவு தொடங்குவதும் இதே இடத்தில்தான். மாலுமியின் பெட்டி இரண்டு வழி கொண்டது. முசிறிப் பேசின் மூன்று வழி கொண்டது. மூன்றாவது, கால் கழுவும் இடம்.

இதைச் சின்ன வித்தியாசம் என்று தள்ளிவிட முடியாது. காகிதத்தால் துடைப்பவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது அமெரிக்கப் பெட்டி. தடுப்பு மூடியைத் திறந்து மூடும் நெம்புகோலுக்குக் கீழே வாளியும், முன்னால் ஒரு சிறுநீர்க் குடுவையும் உண்டு. கழுவிய நீர் போக வேறு வழியில்லை. நம்மவர் ஒருவர் ஒரு முறைக்கு ஒரு லிட்டர் ஊற்றுவதாகக் குறைத்தே கணக்கிட்டாலும், மூன்றாம் நாளில் அந்த வாளி சேறாகிவிடும். உலர்ந்திருப்பதுதான் அதன் உயிர். ஈரம் ஏறினால் அழுகலும் நாற்றமும் பின்னாலேயே வரும். அதுவும் படகில் கழுவுவது கடல்நீரால். உப்பு ஏறிய எருவை எந்த விவசாயியும் வயலில் சேர்க்க மாட்டார்.

முசிறிப் பேசின் இந்தப் பழக்கத்தை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டது. மலம் கழித்தபின் சற்று நகர்ந்து கழுவுமிடத்துக்கு வர வேண்டும். அந்த நீர் குழாய் வழியே கல்வாழையோ வாழையோ வைத்த பாத்திக்குப் போய்விடும். வீட்டில் இதற்கு ஒரு வாரப் பழக்கம் போதும். ஆடும் தளத்தில் குந்திய நிலையில் நகர்வதோ, அமரத்து ஓரத்தில் குந்துவதைவிடச் சற்றே மேல் என்ற அளவில்தான் நிற்கும். இந்த இடத்தில் மாலுமியின் ஏற்பாடு வெல்கிறது: உட்காரும் இருக்கை, படகு ஒருபக்கம் சாய்ந்தாலும் சிந்தாத ஆழமான கிண்ணம். முசிறிப் பேசினின் ஆழமில்லாத சரிவில், படகு இருபது டிகிரி சாய்ந்தால் சிறுநீர் மலத்துளைக்குள் வழிந்துவிடும். அதனால் படகுக்கு உட்காரும் முறையைக் கடலிடமிருந்தும், மூன்றாவது வழியை முசிறியிடமிருந்தும் எடுக்க வேண்டியிருக்கிறது. இருக்கையிலிருந்து எழாமலே எட்டும் தூரத்தில், விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றும் அதிலிருந்து ஒரு கேனுக்குக் குழாயும் வைத்தால் இரண்டும் பொருந்தும். ஃபைபர் வேலை தெரிந்தவர் கையில் இது பெரிய காரியமல்ல.

தூவும் பொருளிலும் ஒற்றுமைக்குள் வேற்றுமை இருக்கிறது. முசிறியில் சாம்பல், படகில் தென்னை நார்க்கழிவு அல்லது சதுப்புநிலப் பாசித்தூள். இரண்டும் ஈரத்தை உறிஞ்சும், ஈயைத் தடுக்கும், பார்வைக்கு மறைக்கும். வேலை செய்யும் விதம் மட்டும் நேர் எதிர். சாம்பல் காரத்தன்மையை ஏற்றி, உலர்த்தி, கிருமிகளைச் சாகவிடுகிறது. அதற்குக் காற்றும் வேண்டாம், கிளறலும் வேண்டாம். நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டே காற்றுக்கும் இடம் விடுகிறது. நுண்ணுயிர்கள் அதில் வாழ்ந்து மலத்தைத் தின்ன வேண்டும். அதனால்தான் மாலுமியின் வாளியில் ஒரு கிளறுகோலும், பக்கத்தில் அதைச் சுற்றும் கைப்பிடியும் இருக்கின்றன. ஒரு கழிப்பறை கொன்று சுத்தம் செய்கிறது, மற்றது வளர்த்துச் சுத்தம் செய்கிறது என்று சொன்னால் தவறாகாது.

இவற்றில் எது நமக்கு எளிதில் கிடைக்கும்? பத்து ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் சாம்பல் என்றிருப்பேன். வீட்டு அடுப்பெல்லாம் கேஸாக மாறியபின் கிராமத்திலேயே சாம்பல் தேட வேண்டியிருக்கிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் ஆலைகளில் உமிச்சாம்பல் கிடைக்கும்; ஆனால் விறகுச் சாம்பலின் காரம் அதில் இருக்காது, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அதுவும் கடற்காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த சாம்பல் கட்டிதட்டிப் போகும். நார்க்கழிவு அந்த ஈரத்துக்கு அஞ்சாது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தமும் இங்கேதான் இருக்கிறது. கலிஃபோர்னியாவிலோ புளோரிடாவிலோ ஒரு மாலுமி தன் கழிப்பறைக்குக் கடையில் வாங்கும் நார்க்கழிவுக் கட்டி இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கப்பலேறிப் போனதாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிறு ஆலைகள் அதை அழுத்திக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்கின்றன. நம் தோப்பிலிருந்து போன பொருள் அங்கே படகுக்குள் ஏறிவிட்டது. நம் படகு இன்னும் அதைப் பார்க்கவில்லை.

காற்றோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தொட்டிக்குக் கறுப்பு வண்ணம் பூசி, மேல்முனையில் வலை கட்டிய குழாய். படகுப் பெட்டிக்கு 12 வோல்ட் பேட்டரியில் இரவு பகலாக ஓடும் கையகல விசிறி. விசைப்படகின் பேட்டரிக்கு அது ஒரு சுமையே இல்லை.

இருவரும் வெளியே அதிகம் சொல்லாத ஒன்றும் உண்டு. இரண்டு கழிப்பறைகளிலிருந்தும் புதிதாக வெளிவருவது எரு அல்ல. மாலுமியின் வாளி 60 முதல் 80 முறை தாங்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேர் வாழும் படகில் அது ஒரு மாதக் கணக்கு. ஒரு மாதத்தில் மலம் மண்ணைப் போலத் தோற்றமளிக்கலாம், மண்வாசனைகூட வரலாம். குடற்புழு முட்டைகள் உயிரோடுதான் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் 20 முதல் 35 டிகிரி வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் சேமித்து வைக்கச் சொல்கிறது. முசிறியின் இரட்டைத் தொட்டி இந்த ஓராண்டைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக் கட்டியது: ஒன்று நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதற்கு மாற வேண்டும், அது நிறைவதற்குள் முதலாவது பக்குவமாகும். மாலுமியின் பெட்டியில் அந்த ஓராண்டுக்கு இடமில்லை. கரைக்கு வந்து தோட்டத்து மூலையிலோ மூடிய தொட்டியிலோ அவர் அதைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும். வாங்குவோர் சுலபமாக மறப்பதும் இதைத்தான்.

ஒப்பீட்டின் மிகக் கனமான பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. அந்த வாளியைத் தூக்குவது யார்?

அமெரிக்கப் படகில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. பயன்படுத்தியவரே தூக்குகிறார், பிறகு கை கழுவிவிட்டுக் காப்பி போடுகிறார். நம் நாட்டில் எடுப்புக் கக்கூஸின் வரலாறு கண்முன் நிற்கிறது. ஒரு சாதியின் தலையில் அந்த வாளி ஏற்றப்பட்ட வரலாறு அது. 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுதல் தடைச் சட்டம் வரைந்த கோடு தெளிவானது: முழுமையாக மக்குவதற்கு முன் மனித மலத்தைக் கையால் அகற்ற வேண்டியிருக்கும் கழிப்பறை சுகாதாரமற்ற கழிப்பறை. முசிறித் தொட்டி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது அதன் ஓராண்டுப் பொறுமையால். மாலுமியின் வாளியோ, ஒரு மாதத்தில் திறந்து கொட்டப்படும்போது கோட்டின் மேலேயே நிற்கிறது. தானே கொட்டுபவருக்கு அது சொந்த வேலை. கூலிக்கு வரும் ஆட்கள் உள்ள கடலூர் விசைப்படகில், கடைசியாகச் சேர்ந்த பையனிடம் அந்த வேலை போகும். அல்லது கரையில் காத்திருக்கும் வேறொருவரிடம் போகும். விலை, எடை, இடம் எல்லாவற்றிலும் தேறிய ஒரு பெட்டி இந்த ஒரு கேள்வியில் தோற்றால், அதைப் படகில் ஏற்றக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தோற்காமல் இருக்க வழி உண்டு. அதைக் காட்டித்தருவதும் முசிறிதான். அங்கே இரண்டு தொட்டிகள் மாறி மாறி நிற்பதைப் போல இங்கே வாளிகள் மாறட்டும். படகில் எதையும் கொட்ட வேண்டாம். துறைமுகத்தில் எங்கும் பார்க்கும் நீல பிளாஸ்டிக் டிரம், இறுக்கும் இரும்பு வளையத்தோடு வருவது: அதையே இருக்கைக்கு அடியில் வைத்து, நிறைந்ததும் மூடி இறுக்கி அப்படியே கரையிறக்கிவிட்டு, காலி டிரம்மை உள்ளே தள்ளலாம். மூடிய டிரம்மில் கிளறலும் காற்றும் நின்றுவிடுவதால், மூடும் முன் இரண்டு கை சுண்ணாம்போ சாம்பலோ போட வேண்டும். கடலில் நார்க்கழிவு, கரையில் சாம்பல் என்று இரண்டு முறைகளும் ஒரே டிரம்முக்குள் சேர்ந்துவிடும். மூடியின் மேல் தேதி. அடுத்த ஆண்டு அதே தேதி வரும்வரை அதை யாரும் திறக்கக்கூடாது. ஏழு பேர், ஐந்து நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு முறை என்றால் ஒரு பயணத்துக்கு 35 முறை. மாலுமியின் வாளியைப் போல் இரு மடங்கு கொள்ளும் டிரம் நாலு பயணத்துக்குக் காணும். மாதம் நாலு பயணம் போகும் படகுக்கு ஆண்டுக்குப் பத்து டிரம்முக்கு மேல் தேவைப்படாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னி, படகுக்கு வண்ணமடிக்கும் அந்த நாள்களில் கழிப்பறை மராமத்தும் முடிந்துவிடும்.

சிறுநீர்க் கணக்கு வேறு மாதிரி. அமெரிக்கக் குடுவை சுமார் 8 லிட்டர் கொள்ளும். இருவருக்கு அது மூன்று நாள் வரும். ஏழு பேருக்கு ஒரே நாளில் வழிந்துவிடும். வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை, குழாய் நேரே பானைக்கோ பாத்திக்கோ போகிறது. முசிறியில் சேர்ந்த சிறுநீர் வாழைக்குப் போயிற்று. அங்கேயிருந்த பொதுக் கழிப்பறை ஒன்று பயன்படுத்துவோருக்கே காசு கொடுத்ததால் 2008 வாக்கில் உலகச் செய்தியும் ஆனது. ஆழ்கடலில் இருக்கும் விசைப்படகில் ஆண்கள் நின்றபடி கடலில் விடுவதைத் தடுக்க எந்த அவசியமும் எனக்குத் தெரியவில்லை. பன்னாட்டு மார்பால் உடன்படிக்கையின் நான்காம் பிற்சேர்க்கைகூட, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால், ஓடும் கப்பலிலிருந்து விட இடம் தருகிறது. அதுவும் 400 டன்னுக்கு மேற்பட்ட அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்கான விதி. மலத்தைச் சேர்த்துவைத்துச் சிறுநீரைக் கடலுக்கு விடும் படகு இன்றைய நிலையைவிட எவ்வளவோ மேல்.

பிச்சாவரத்தில் அந்தச் சலுகை செல்லாது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்த அலையாத்திக் காட்டின் கால்வாய்கள் ஆழமற்றவை, நீரோட்டம் மெதுவானவை. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே போகும் படகில் சிறுநீரும் கழுவிய நீரும்கூடக் கேனிலேயே முடிய வேண்டும். ஆனால் அங்கே பயணமும் சிறிது, ஆளும் குறைவு. ஒரு நாள் கேனைக் கரையில் வாழைப் பாத்திக்குக் கொண்டுபோவது பெரிய வேலையல்ல. ஆழ்கடல் படகுக்கு மாலுமியின் பெட்டி நெருங்கி வருகிறதென்றால், உப்பங்கழிப் படகுக்கு முசிறி நெருங்கி வருகிறது.

ரயில் பெட்டிகளில் இப்போது இருக்கும் பயோ டாய்லெட்டைப் படகில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவை காற்றில்லாத் தொட்டியில் மலத்தைச் செரித்து நீராக வெளிவிடும் ஏற்பாடு அது. தண்ணீர் வேண்டும், கனமான தொட்டி வேண்டும், வெளிவரும் நீரை விட ஓர் இடமும் வேண்டும். தண்டவாளத்தில் அந்த இடம் இருக்கிறது. ஆலப்புழைப் படகுவீடு போன்ற பெரிய கலத்துக்குச் சேமிப்புத் தொட்டியும் கரையிலொரு சுத்திகரிப்பு நிலையமும் பொருந்தலாம். நாற்பது அடி விசைப்படகுக்கு இரண்டுமே பெரிது.

முதலில் யாருடைய படகில் போட்டுப் பார்ப்பது என்று என்னைக் கேட்டால், விசைப்படகுக்கு முன்னால் இன்னொன்றைச் சொல்வேன். பரங்கிப்பேட்டையில் 1961 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது; வெள்ளாற்று முகத்துவாரத்திலும் பிச்சாவரத்திலும் நீரும் சேறும் மாதிரி எடுக்கப் போகிறவர்களில் பெண்களும் பலர். பகல் முழுதும் திறந்த படகில் இருக்க வேண்டிய பெண்கள், காலையிலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது எந்தக் கரையிலும் தெரிந்த சங்கதி. அமரத்தில் கயிற்றைப் பிடித்துக் குந்தும் வழிகூட அவர்களுக்கு இல்லை. நான்கு அடிக்கு மூன்று அடி மறைப்பு, நடுவில் தாழ்ந்த இருக்கை, கையருகே கழுவும் தட்டு, அடியில் இரண்டு கேனும் ஒரு டிரம்மும்: சிறிய படகின் பின்பாதியில் இதற்கு இடம் பிடிக்க முடியும். டிரம்மை இறக்கும்போது யார் பெயரில் பதிவாகிறது, ஓராண்டு கழித்து யார் திறக்கிறார், எந்த மரத்தடியில் போடுகிறார் என்பதையெல்லாம் படகு புறப்படும் முன்பே ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இருக்கையின் வடிவத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.